சீசாவில் ஒரு மீன்கொத்தி

(மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பேசியது. மைக் இரண்டு முறை படுத்ததை மட்டும் விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நடவு நேரத்திலும் வேலை மெனக்கெட்டு வந்திருக்கும் முன்னாள் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பாசனப் பிரிவில் முப்பது வருஷம் ஷட்டர் திறந்து மூடிய பொறியாளர் அவர்களே, வாசகர் வட்டச் செயலர் அவர்களே, மைக் செட் தம்பி, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். கைத்தறித் துண்டு போர்த்திய தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. போன வருஷம் போர்த்தியது இன்னும் சாயம் போகவில்லை. தலைமையாசிரியர் ஐயா எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். ஆண்டுகளைத் தப்பாகச் சொன்னால் இப்போதும் எழுந்து நிற்கச் சொல்லிவிடுவார் என்ற பயத்தோடு ஆரம்பிக்கிறேன்.

நூலகத்தில் பீரைப் பற்றிப் பேசலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பேசலாம், குடிக்கத்தான் கூடாது. மூன்று விஷயம் சொல்வதாக நோட்டீஸில் போட்டிருக்கிறோம்: கிங்ஃபிஷர், அதாவது மீன்கொத்தி, என்று பெயர் வைத்த பீரின் வரலாறு, அதன் விளம்பரம், பார்லியோடு பீரில் சேரும் அரிசி.

எங்கள் அப்பாயி அடிக்கடி ஒரு பழமொழி சொல்லும். "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது." தெலுங்குதான், ஆனால் தஞ்சாவூர்ச் சீமையில் இதற்கு அர்த்தம் கேட்பவர் கிடையாது. பெயரோ பெரிய பெயர், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. இதை மடியில் முடிந்துகொள்ளுங்கள், போகப் போகத் தேவைப்படும்.

சரி, வரலாறு. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து மதுவாலைகளை ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் கம்பெனியை ஏற்படுத்தினார். பெரிய பெரிய பீப்பாய்களில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் போன சரக்கு அது. நாடு விடுதலை அடைந்த 1947இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அடுத்த ஆண்டே தலைவர். அவர் தலைவராக இருந்தபோதே, மகன் விஜய் மல்லையாவின் முயற்சியில், 1978இல், மீன்கொத்தி படம் போட்ட கிங்ஃபிஷர் சீசா கடைக்கு வந்தது. அப்போது நம் மாநிலத்தில் மதுவிலக்கு. பறவை பறந்து வந்தாலும் உட்காரக் கிளை இல்லை. 1981இல் கடைகள் திறந்தன, 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது, மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். காரைக்கால் கதையும் தெரியும், தாய்மார்கள் இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

விளம்பரத்துக்கு வருவோம். டிவியில் மதுவை விளம்பரம் செய்யக் கூடாது என்று விதி வந்தது. கம்பெனி என்ன செய்தது? அதே பெயர், அதே பறவை, அதே சிவப்பு, ஆனால் விற்பது தண்ணீர், சோடா என்றது. அப்பாயி பழமொழி இங்கே குட்டிக்கரணம் அடித்தது. பெயரும் பெரிசு, தாகத்துக்குத் தண்ணீரும் உண்டு! 'ஊ லா லா லா லே ஓ' என்ற அந்தப் பாட்டு, சொட்டு பீர் தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 2005இல் அந்தப் பெயரில் விமானமே பறந்தது. 2012இல் நின்றும் போனது, சம்பளம் வராமல் ஊழியர்கள் தவித்தார்கள். பேரு பெத்த பேரு. பீர் மட்டும் நிற்கவில்லை. 2021இல் கம்பெனி ஹைனெகென் என்ற டச்சு நிறுவனத்தின் பிடிக்குப் போனது. சீசாவில் பறவை மாறவில்லை.

அப்புறம் கிங்ஃபிஷர் பெயரில் வந்த காலண்டர். 2003இலிருந்து வருஷா வருஷம் போட்டார்கள். எங்கள் பெரியப்பா வீட்டு மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. ஒரு பொங்கலுக்குக் குழல் மாதிரி சுருட்டி ஒன்று கொண்டு வந்தார். "என்ன மாப்ள?" "மீன்கொத்தி காலண்டர் மாமா, அங்கே இதுக்கு அடிதடி." பெரியப்பாவுக்குப் பறவை என்றால் உயிர். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். மாப்பிள்ளை கண்ணைக் காட்டுகிறார், "அப்புறமா பார்க்கலாம் மாமா" என்கிறார், கையைப் பிடிக்காத குறை. பெரியப்பா கேட்பாரா? சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியே விட்டார். ஜனவரி விரிந்தது. கடற்கரை. ஒரு பெண். துணி ரொம்பக் குறைச்சல். கூடத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்: "பாவம், குளிச்சுட்டு வந்த பொண்ணுக்கு ஒரு துண்டு கொடுக்க ஆள் இல்லையா?" பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிப்ரவரியைப் புரட்டினார். மார்ச். ஏப்ரல். "பறவை எங்கடா?" ஜூலையில் மாப்பிள்ளை கொல்லைப் பக்கம் போய்விட்டார். டிசம்பர் வரை பார்த்துவிட்டுக் கடைசியில் ஓரத்தில் கட்டைவிரல் அளவு பறவையைக் கண்டுபிடித்தார். "இதுக்கா இத்தனை பேரு? ராகு காலமும் இல்ல, எமகண்டமும் இல்ல." நல்ல கனமான தாள். பின்பக்கத்தில் அந்த வருஷத்து அறுவடைக் கணக்கு முழுக்க எழுதினார். வட்டிக் கணக்கு கேட்டு வந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கணக்கைக் கேட்காமலே போனது வேறு கதை.

மறுநாள் காலை எங்களை வாய்க்கால் வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். செங்குத்தான மண்கரையில் பொந்துகள். "அந்தப் பயலோட வீடு இது" என்றார். மீன்கொத்தி மரத்தில் கூடு கட்டுவதில்லை. கரை மண்ணை அலகால் குடைந்து, முழங்கை நீளத்துக்கும் மேலே சுரங்கம் போட்டு, உள்ளே முட்டை வைக்கும். சங்கப் பாட்டில் சிரல் என்று வருவது இந்தப் பறவைதான்.

இப்போது அந்த வளைவுக்கும் சேர்த்துச் சிமெண்ட் போடப் போகிறார்கள். பொறியாளர் ஐயா முகம் மாறுகிறது, கொஞ்சம் பொறுங்கள். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர் கோபமும் எனக்குத் தெரியும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் எங்களுக்கு எப்போது வந்து சேரும் என்று அவர் கேட்கிறார். காவிரி என்று உலகத்துக்கே தெரிந்த பெயர், அவர் வயலில் வெடிப்பு. பேரு பெத்த பேரு என்பது அவருக்குத்தான் முதலில் பொருந்தும். சிமெண்ட் போட்டால் கசிவு குறையும், அதை மறுக்கவில்லை. வாய்க்கால் முழுக்க மண்ணாக இருக்கட்டும் என்றும் கேட்கவில்லை. வளைவில், ஒரு பக்கம், நாற்பது அடி. அவ்வளவுதான். ஒரு பீர் கம்பெனி அந்தப் பறவைக்கு சீசா, டீ-சர்ட், விமானம் எல்லாம் கொடுத்திருக்கிறது. நாம் நாற்பது அடி மண் கொடுக்கக் கூடாதா?

செயலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். அரிசி விஷயம் அடுத்த கூட்டத்துக்கு. தேநீர் தயார் என்கிறார்கள். வாசல் மேசையில் மனு நோட்டு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். போன தடவை நூலோடு போய்விட்டது.