கொக்கியில் ஏறாத இரும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

பன்றி இரும்பு என்று ஓர் இரும்பு உண்டு. துறைமுகத்தில் நாங்கள் பிக் அயர்ன் என்போம். ஊது உலையிலிருந்து முதன்முதலாக வெளியே வரும் இரும்பு அதுதான். அந்தக் காலத்தில் உருகிய இரும்பை மணலில் வெட்டிய வாய்க்காலில் ஓட விடுவார்கள். வாய்க்காலை ஒட்டி வரிசையாகக் குழிகள் இருக்கும். பார்த்தால் தாய்ப்பன்றியின் மடியில் குட்டிகள் முட்டிக்கொண்டு பால் குடிப்பதுபோல் இருக்குமாம். அப்படி வந்த பெயர்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது ஏறும் சரக்கை எண்ணிக் கணக்கு எழுதுபவனாக, முப்பத்தொரு வருஷம் இருந்தவன். கிரேன் கொக்கியில் ஒவ்வொரு ஸ்லிங், அதாவது கயிறு கட்டிய சரக்குக் கட்டு, ஏறும்போதும் நோட்டில் ஒரு கோடு போடுவேன். நாலு கோடு நின்றால் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பேன். பன்றி இரும்பு ஏற்றும் நாளில் கோடு போடும் கைகூடச் சிவப்பாகிவிடும். துருப்பொடி காற்றில் பறக்கும். கட்டியின் விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். கையுறை இல்லாமல் தொட்டால் தோலைக் கிழித்துவிடும். நோட்டின் மேல்வரியில் அந்தச் சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று எழுத வேண்டும். முப்பத்தொரு வருஷம் அந்த வரியை எழுதியிருக்கிறேன். ஒருநாளும் நின்று படித்ததில்லை.

2022 பிப்ரவரி 24-ஆம் தேதி ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. கீவ் நகரத்தில் ஜனங்கள் சுரங்க ரயில் நிலையத்துப் படிக்கட்டில் குழந்தைகளைப் போர்த்திப் படுக்கவைத்திருந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டுப் பையன் கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. அவன் ஊர் வந்து சேர்ந்துவிட்டான். அப்புறமும் என் மனைவி ராத்திரி செய்தியை விடாமல் பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள்: “நம்ம புள்ள வந்துட்டான். அங்கேயே இருக்கிறவங்களுக்கு நாம என்னங்க செய்ய முடியும்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இன்று உங்களிடம் பேச ஒத்துக்கொண்டேன். பதில் என்று பெரிதாக என்னிடம் ஒன்றும் இல்லை. என் தொழிலைச் சேர்ந்த சில பேருடைய கதை இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

1937 ஜூலையில் ஜப்பான் சீனாவின்மேல் முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. ஆகஸ்டில் ஷாங்காய் தெற்கு ரயில் நிலையத்தில் குண்டு விழுந்தது. இடிந்து கிடக்கும் நடைமேடையில், உடம்பெல்லாம் கரியும் காயமுமாக, தன்னந்தனியாக உட்கார்ந்து அழும் ஒரு கைக்குழந்தையை எச். எஸ். வாங் என்ற புகைப்படக்காரர் படம் எடுத்தார். அந்த ஒரு படம் உலகம் முழுக்கப் போனது. டிசம்பர் 13-ஆம் தேதி நான்கிங் நகரம் விழுந்தது. அங்கே நடந்த கொலைகளையும், பெண்களுக்கு நடந்ததையும் வானொலியில் விவரிக்க எனக்கு நா எழவில்லை.

ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தெற்கே கடலோரத்தில், போர்ட் கெம்ப்ளா என்று ஒரு சிறு துறைமுகம். பக்கத்திலேயே பி.எச்.பி. நிறுவனத்தின் எஃகு ஆலை. அந்த நிறுவனம் ஜப்பானுக்குப் பன்றி இரும்பு அனுப்ப ஒப்பந்தம் போட்டிருந்தது. மொத்தம் 3,00,000 டன். இதில் ஒரு விசித்திரம் உண்டு. அதே 1938-இல் இரும்புத் தாதுவை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று ஆஸ்திரேலிய அரசு தடை போட்டிருந்தது. நம் நாட்டுக்கே தாது போதாது என்று காரணம் சொன்னார்கள். மண்ணாக அனுப்பத் தடை, உருக்கி அனுப்பினால் தடையில்லை.

1938 நவம்பரில் டல்ஃப்ராம் என்ற கப்பல் வந்து நின்றது. சரக்கு பன்றி இரும்பு. போகிற ஊர் ஜப்பானில் உள்ள கோபே. நவம்பர் 15-ஆம் தேதி, அங்கிருந்த 180 துறைமுகத் தொழிலாளர்கள் அந்த இரும்பை ஏற்றமாட்டோம் என்று சொல்லி வேலையை விட்டு வெளியே வந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். துறைமுக வேலையை அறியாதவர்களுக்கு இதன் எடை தெரியாது. அந்த நாளில் அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. எங்கள் பக்கத்திலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: விடியுமுன்னே கேட்டுக்கு வெளியே கூட்டம் நிற்கும், மேஸ்திரி வந்து நீ வா, நீ வா என்று கைகாட்டுவார், கைகாட்டாதவன் சோற்றுச் சட்டியோடு வீட்டுக்குத் திரும்பிப் போவான். அங்கேயும் அப்படித்தான். உலகப் பொருளாதாரம் படுத்த வருஷங்களை அப்போதுதான் தாண்டி வந்திருந்தார்கள். கண்ணெதிரே கப்பல் நிற்கிறது, உள்ளே பல நாள் கூலி இருக்கிறது. அதை வேண்டாம் என்கிறார்கள். தங்கள் கூலி உயர்வுக்காக வேண்டாம் என்றால் எனக்குப் புரியும், நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, கண்ணால் பார்த்திராத ஒரு ஊரில் இருப்பவனுக்காக வேண்டாம் என்றார்கள்.

அதிலும், யாருக்காக? சீனர்களுக்காக. வெள்ளையரைத் தவிர யாரும் குடியேறக் கூடாது என்று 1901-லேயே சட்டம் போட்ட நாடு அது. சீனன் வந்தால் நம் கூலி குறையும் என்று சொல்லி அந்தச் சட்டத்துக்குத் தோள் கொடுத்ததில் அங்கிருந்த தொழிற்சங்கங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்தான் இவர்கள். மறியலை நடத்திய கிளைச் செயலாளர் டெட் ரோச்சைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவரைவிட, கூட்டத்தில் பின்வரிசையில் நின்று கை தூக்கிய ஆள்மேல்தான் நினைப்பு. அவன் அப்பா சீனர்களை விரட்டச் சொல்லிக் கோஷம் போட்டவராக இருந்திருக்கலாம். அந்தக் கை எப்படி மேலே போனது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஷாங்காய்க் குழந்தையின் படம் அவன் வீட்டுக்கும் வந்திருக்குமல்லவா?

அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் மென்சிஸ் அவர்களை எதிர்த்தார். எந்த நாட்டோடு எப்படி உறவு வைப்பது என்பதை மக்கள் தேர்ந்தெடுத்த அரசு முடிவு செய்யுமா, ஒரு துறைமுகத்துச் சங்கம் முடிவு செய்யுமா என்று கேட்டார். இது லேசான கேள்வி அல்ல. நாளைக்கு இன்னொரு சங்கம், எனக்குப் பிடித்த ஒரு நாட்டுக்குப் போகும் மருந்தை ஏற்றமாட்டேன் என்றால் நான் என்ன சொல்வேன்? இதை மனசில் போட்டு உருட்டியிருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர்கள் அரசின் முடிவை மாற்றி எழுதவில்லை. என் கையால் முடியாது என்றார்கள், அவ்வளவுதான். தன் கை எதைத் தூக்கும், எதைத் தூக்காது என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு உரிமை இல்லையென்றால் அந்தக் கைக்கும் கிரேன் கொக்கிக்கும் என்ன வித்தியாசம்? கவர்னர் ஜெனரல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சர் ஐசக் ஐசக்ஸ், தலைமை நீதிபதியாகவும் இருந்தவர், எண்பது வயதைக் கடந்தவர், தொழிலாளர்கள் பக்கம் நின்று வெளிப்படையாகப் பேசினார்.

அரசு ஒரு பழைய சட்டத்தைக் கையில் எடுத்தது. அந்தத் துறைமுகத்தில் வேலை செய்ய வேண்டுமானால் உரிமம் வாங்க வேண்டும், சொன்ன வேலையைச் செய்யாவிட்டால் உரிமம் போய்விடும். தொழிலாளர்கள் அதற்கு நாய்ப்பட்டைச் சட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கழுத்தில் பட்டையைக் கட்டிக்கொண்டால்தான் சோறு என்பதால் அந்தப் பெயர். அதற்கும் அசையவில்லை. டிசம்பர் நடுவில் எஃகு ஆலையை மூடினார்கள். சுமார் 4,000 பேருக்கு வேலை போனது. 180 பேர் பிடிவாதத்தால் எங்கள் அடுப்பும் அணைந்ததே என்று அந்த 4,000 பேரும் திரும்பிவிடுவார்கள் என்ற கணக்கு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது.

ஊரே பட்டினிக்குப் பக்கத்தில் போனபோது சிட்னியிலிருந்து காய்கறியும் பழமும் வந்தன. அனுப்பியவர்கள் அங்கே வாழ்ந்த சீனர்கள். உள்ளே விடாதே என்று சட்டம் போட்ட நாட்டில், எப்படியோ தங்கி, தோட்டம் போட்டும் கடை வைத்தும் பிழைத்தவர்கள். அந்த மூட்டையை அவிழ்த்த பெண்களை நினைத்துப்பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் நாளில் ஒரு சீனன் பயிரிட்ட கீரையைக் கழுவிச் சமைத்த அந்த வீட்டில் அன்று என்ன பேசியிருப்பார்கள்?

ஜனவரியில் மென்சிஸ் உள்ளூருக்கு வந்தார். ஊர்வலமாக வந்த கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ‘பிக் அயர்ன் பாப்’ என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டியது. பாப் என்பது ராபர்ட்டின் சுருக்கம். பிற்பாடு பதினெட்டு வருஷத்துக்கு மேல் பிரதமராக இருந்தும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். தொழிலாளர்கள் தோற்றார்கள். பத்து வாரத்துக்குப் பிறகு, ஏற்றுமதிக் கொள்கையைத் திரும்பப் பார்ப்போம் என்று ஒரு பேச்சு வந்தது. எங்கள் எதிர்ப்பைத் தெரிவித்துக்கொண்டே ஏற்றுகிறோம் என்று தீர்மானம் போட்டு, 1939 ஜனவரி கடைசியில் வேலைக்குத் திரும்பினார்கள். டல்ஃப்ராம் இரும்போடு கோபே போய்ச் சேர்ந்தது. அந்த முதல் ஸ்லிங் ஏறிய நேரத்தை என்னால் பார்க்க முடிகிறது. யாரும் பேசியிருக்கமாட்டார்கள். இப்படிப்பட்ட நாட்களில் துறைமுகத்தில் பேச்சு இருக்காது, கிரேன் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு டாலி கிளார்க் கோடு போட்டுக்கொண்டிருந்திருப்பான்.

1942 பிப்ரவரி 19-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்தில் குண்டு போட்டன. செத்தவர்களில் துறைமுகத் தொழிலாளர்கள் இருபது பேருக்கு மேல். அந்த இரும்பு குண்டாகத் திரும்பி வரும் என்று அன்றே சொன்னோமே என்று பிறகு பலரும் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சில் முழு மனசு இல்லை. குண்டு நம் தலையில் விழுந்ததால்தான் அவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடக் கூடாது. டார்வினில் ஒரு ஓடுகூடப் பெயராமல் இருந்திருந்தாலும் நான்கிங் நான்கிங்தான்.

அவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். 1938 தொடக்கத்தில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ துறைமுகத்தில் ஹருனா மாரு என்ற ஜப்பானியக் கப்பலுக்குச் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். அது லண்டனுக்குப் போயிற்று. அங்கேயும் மறுத்தார்கள். அமெரிக்காவில் பெண்கள் ஜப்பானியப் பட்டில் செய்த காலுறைகளை விட்டுப் பருத்திக்கு மாறினார்கள். நம் நாட்டில், நாமே அடிமையாகக் கிடந்தபோது, காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களைச் சீனாவுக்கு அனுப்பியது. அதில் சோலாப்பூர்க்காரரான டாக்டர் கோட்னிஸ் திரும்பி வரவேயில்லை. 1942-இல், முப்பத்திரண்டு வயதில் அங்கேயே இறந்தார். 2022-இலும் இது நடந்தது. அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் ரஷ்யச் சரக்கைத் தொடமாட்டோம் என்று அறிவித்தது. ஸ்வீடன் துறைமுகத் தொழிலாளர்களும் அதைச் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரிதான் நான் என் மனைவிக்கு டல்ஃப்ராம் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “நீங்க என்னைக்காவது ஏத்த மாட்டேன்னு சொல்லியிருக்கீங்களா?” என்றாள். இல்லை என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 17-ஆம் தேதி இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. போரில் விட்டுப்போன நாட்டைத் திரும்பப் பிடிக்க டச்சு அரசு கிளம்பியது. அதன் கப்பல்கள் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் நின்றன. படைவீரர், ஆயுதம், தளவாடம் எல்லாம் ஏற வேண்டும். இந்தோனேசிய மாலுமிகள் முதலில் இறங்கிவிட்டார்கள். போர்ட் கெம்ப்ளாக்காரர்களின் அதே சங்கம் அந்தக் கப்பல்களைத் தொடமாட்டோம் என்றது. அப்போது டச்சுக்காரர்கள் இந்திய மாலுமிகளை வைத்துக் கப்பலை ஓட்டிவிடலாம் என்று பார்த்தார்கள். இன்னொரு பக்கம் ஜாவாவில், பிரிட்டிஷ் சீருடை போட்ட நம் சிப்பாய்கள் சுரபயா தெருக்களில் இந்தோனேசியர்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஜனங்களின் கை அந்தப் பக்கமும் இருந்தது, இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிட்னியிலிருந்து பட்ராஸ் என்ற கப்பல் இந்திய மாலுமிகளோடு புறப்பட்டுவிட்டது. இதைப் பற்றி ஹாலந்துக்காரரான யோரிஸ் ஈவென்ஸ் 1946-இல் ஒரு குறும்படமே எடுத்தார், அதில் இந்தக் காட்சி இருக்கிறது. ஒரு சின்ன மோட்டார்ப் படகு பெரிய கப்பலைத் துரத்திக்கொண்டு போகிறது. அலையில் படகு ஏறி இறங்குகிறது. ஓர் இந்தியர் ஒலிபெருக்கியை வாயில் வைத்து, நம் நாட்டுப் பாஷையில், கப்பல் மேல்தட்டைப் பார்த்துக் கத்துகிறார். மேலே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாலுமிகள் குனிந்து கேட்கிறார்கள். கரை ஏற்கெனவே தூரமாகிவிட்டது. கடலில் வேலையை நிறுத்தினால் அதற்குத் தண்டனை வேறு.

அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பட்ராஸ் சிட்னிக்குத் திரும்பி வந்தது.

வணக்கம்.