அவசரமாகப் போய் நங்கூரம் போடுவது

நண்பர்களே, கப்பலின் புகையைக் குறைப்பது என்றதும் எல்லோரும் அம்மோனியா, மெத்தனால், ராட்சதப் பாய் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அதெல்லாம் வரட்டும். இன்று வேகத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன்.

வேகத்தைப் 10 சதவீதம் குறைத்தால் இயந்திரத்துக்கு வேண்டிய திறன் ஏறக்குறைய 27 சதவீதம் குறைகிறது. பயண நேரம் நீள்வதால் அந்த மிச்சத்தில் கொஞ்சம் போய்விடும். போனாலும் அதே தூரத்துக்குச் சுமார் 19 சதவீத எரிபொருள் மிஞ்சும். புது இயந்திரம் எதுவும் வேண்டாம்.

சரி, பிறகு ஏன் கப்பல்கள் விரைந்து போய், துறைமுகத்துக்கு வெளியே நாள்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடக்கின்றன? ஒப்பந்தம் அப்படி. ஒரு பயணத்துக்கு மட்டும் கப்பலை எடுக்கும் பயண வாடகை ஒப்பந்தத்தில், தாமதமில்லாமல் போய்ச் சேரக் கப்பல்காரர் கடமைப்பட்டவர். சேர்ந்ததும் 'தயார்' என்று அறிவித்தால்தான் சரக்கு இறக்குவதற்கான நேரக்கணக்கு ஓடத் தொடங்கும்; நேரம் மீறினால் டெமரேஜ், அதாவது தாமதத்துக்கான பணம், கப்பல்காரருக்குக் கிடைக்கும். பல துறைமுகங்களில் முதலில் வந்தவருக்கே முதல் இடம். இதில் மெதுவாக வருகிறவர் ஏமாளி!

குறிப்பிட்ட காலத்துக்குக் கப்பலை எடுக்கும் கால வாடகையில் வேறொரு சிக்கல். எரிபொருள் செலவு வாடகைக்கு எடுத்தவருடையது. எரிபொருளை மிச்சப்படுத்தக் கப்பலின் அடிப்பகுதிக்கு நல்ல பூச்சு அடிக்கும் செலவு உரிமையாளருடையது. ஒருவர் செலவழிக்க, இன்னொருவர் பையில் லாபம் விழுந்தால் யார் முன்வருவார்?

சர்வதேச கடல்சார் அமைப்பு 2023 முதல் பெரிய கப்பல்களுக்கு ஆண்டுதோறும் ஏ முதல் இ வரை கார்பன் தரம் போடச் சொல்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் வெளியிடும் கார்பனோடு கணக்கில் சேர்வது கப்பலின் கொள்ளளவும் ஓடிய தூரமும். உண்மையில் ஏற்றிய சரக்கு அல்ல. நங்கூரத்தில் நின்றால் ஜெனரேட்டர் எரிபொருளைக் குடிக்கும், ஓடிய தூரம் அதிகமாகாது, தரம் இறங்கும். துறைமுக நெரிசலுக்குக் கப்பலைத் தண்டிப்பது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

துறைமுகம் இடம் காலியாகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லட்டும். கப்பல் அதற்கேற்ப மெதுவாக வரட்டும். இதற்கான ஒப்பந்த வாசகத்தைச் சர்வதேசக் கப்பல் துறைச் சங்கமான பிம்கோ 2021-லேயே வெளியிட்டுவிட்டது. அதில் கப்பல்காரரும் வாடகைக்கு எடுத்தவரும் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. சரக்கைப் பெறும் உரிமையைத் தரும் சரக்குப் பத்திரத்தை வைத்திருக்கும் மூன்றாமவர் 'என் சரக்கு ஏன் தாமதம்?' என்று வழக்குப் போடலாம். அதனால் மெதுவாக வருவதற்கு அவருடைய சம்மதத்தையும் சரக்குப் பத்திரத்திலேயே எழுதிச் சேர்க்க வேண்டும்.