விடியற்காலையில மட்டும் சென்சார் ஏன் ரெண்டு மடங்கு காட்டுது?

வேளச்சேரியில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "பால்கனியில காத்துல இருக்கிற தூசியை அளக்கிற பிஎம்எஸ் 5003 சென்சார் வச்சிருக்கேன். காலையில அஞ்சு மணிக்கு பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி அளவு, கன மீட்டருக்கு 110 மைக்ரோகிராம்னு காட்டுது, பக்கத்துல அரசு காத்துத்தரம் அளக்கிற நிலையத்துல 55தான். மத்தியானம் ரெண்டும் ஒத்துப்போகுது. சென்சார் கெட்டுப்போச்சா?"

மத்தியானம் ஒத்துப்போகுதுன்னா சென்சார் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு. காரணம் ஈரப்பதம். இந்த சென்சார் தூசியை எடை போடறதில்ல. லேசர் ஒளி துகள்ல பட்டு சிதறுறதை வச்சு எடையைக் கணக்குப் போடுது, அவ்வளவுதான். காத்துல ஈரப்பதம் 75, 80 சதவீதத்தைத் தாண்டினா உப்புத்தன்மை உள்ள துகள்கள் தண்ணியை இழுத்து ஊதிடும். அந்தத் தண்ணியையும் தூசின்னு சென்சார் எண்ணிக்கும். அரசு நிலையத்துல இருக்கிற பீட்டா கதிர்க் கருவி, உள்ளே வர்ற காத்தைச் சூடாக்கி ஈரத்தைக் குறைச்சுட்டுத்தான் அளக்குது. சென்னை மாதிரி கடலோர ஊர்ல இந்த வித்தியாசம் இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

முதல்ல வயரிங்கைப் பாருங்க. சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கணும். 3.3 கொடுத்தா விசிறி மெதுவாச் சுத்தி, அளவு தப்பாகும். ஆனா டேட்டா பின் 3.3 வோல்ட்தான், அதனால ஈஎஸ்பி 32 மாதிரி சின்ன கன்ட்ரோலர் போர்டுல நேரா இணைக்கலாம், டேட்டா வேகம் 9600 பாட். ஆன் பண்ணின முதல் 30 விநாடி வர்ற எண்களைத் தூக்கிப் போட்டுடுங்க.

அடுத்து, இது ரெண்டு செட் எண் அனுப்பும்: முதல் மூணு சிஎஃப் 1 (ஸ்டாண்டர்டு துகளை வச்சுப் போட்ட கணக்கு), அடுத்த மூணு வளிமண்டல அளவு (வெளிக்காத்துக்குன்னு மாத்தின கணக்கு). காத்து சுத்தமா இருக்கும்போது ரெண்டும் ஒண்ணுதான், மாசு ஏற ஏறப் பிரிஞ்சுடும். எதைச் சேமிக்கிறீங்கன்னு கோடுல பாருங்க. நிறையப் பேர் தடுமாறுறது இங்கதான்.

கூடவே ஒரு எஸ்எச்டி 31 ஈரப்பத சென்சார் வைங்க, பெட்டிக்கு வெளியே. உள்ளே வச்சா போர்டு சூட்டுல ஈரப்பதம் குறைவாக் காட்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இந்த வகை சென்சாருக்கு ஒரு திருத்தம் கொடுத்திருக்கு: சிஎஃப் 1 அளவை 0.524-ஆல பெருக்கி, ஈரப்பதத்தை 0.0862-ஆல பெருக்கிக் கழிச்சு, 5.75 கூட்டணும். உங்க 110 சிஎஃப் 1 அளவா இருந்து, ஈரப்பதம் 85-ன்னு வச்சுக்கிட்டா 56 வரும். பொருத்தமாத்தான் இருக்கு, ஆனா அப்படியே நம்பிடாதீங்க. அது அங்கத்திய காத்துக்குப் போட்ட கணக்கு. முடிஞ்சா அரசு நிலையத்துக்குப் பக்கத்துலயே ரெண்டு வாரம் வச்சு, மணிக்கணக்குச் சராசரியை ஒப்பிட்டு உங்களுக்குன்னு எண்களை எடுங்க. மழைக்காலத்துல ஒரு தடவை, வெயில்ல ஒரு தடவை. நிமிஷ அளவை மணிச் சராசரியோட ஒப்பிடவே கூடாது.

நிலையத்துகிட்ட வைக்க அனுமதி கிடைக்கலைன்னா, ஒரே பெட்டியில ரெண்டு சென்சார் போடுங்க. ரெண்டும் விலகிப் போக ஆரம்பிச்சா ஒண்ணுல தூசியோ பூச்சியோ புகுந்திருக்கும்.

பிஎம் 10, அதாவது 10 மைக்ரான் வரைக்குமான தூசின்னு இது காட்டுற எண்ணைப் பயன்படுத்தவே பயன்படுத்தாதீங்க. ரோட்டுப் புழுதி மாதிரி பெரிய துகள்களை இது சரியாப் பார்க்கிறதே இல்ல. சின்னத் துகள்களை வச்சு ஊகிச்சுச் சொல்ற எண் அது.