கூலியைக் கேட்க எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும்?

(கோவையில் சிறுதொழில் முனைவோர் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர் அவர்களே, வங்கியின் மண்டல மேலாளர் அவர்களே, பொறியியல் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வார்டு கவுன்சிலர் அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் பட்டறைக்காரர்களே, தங்கைமார்களே, தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பொது மேலாளர் ஐயா காலையிலிருந்து இரண்டு ஆய்வுக் கூட்டம் முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டையும் தள்ளிவைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறார். நம் விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்பாமல் போன் செய்து கேட்டு வாங்குகிற அதிகாரி. கைதட்டல் கொடுக்கலாம். மண்டல மேலாளர் ஐயாவை எனக்குக் கிளை மேலாளராக இருந்த நாளிலிருந்தே தெரியும். பட்டறைக்கு நேரில் வந்து, மெஷின் ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டுக் கடன் கொடுத்தவர். முதல்வர் அம்மா தம் மாணவர்களை வருடாவருடம் நம் பட்டறைகளுக்கு அனுப்புகிறார். அந்தப் பிள்ளைகளில் மூன்று பேர் இன்று சொந்தமாக சிஎன்சி மெஷின் போட்டு ஓட்டுகிறார்கள். அம்மாவுக்கு நம் நன்றி. சாமியானா போட்டவர்கள், மைக் செட்காரர், பின்னால் சமையல் பார்க்கிறவர்கள், எல்லோருக்கும் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "மனம் தளராமல் தொழிலை நடத்துவது எப்படி". மூன்று விஷயங்கள் சொல்லலாம் என்று குறித்து வந்தேன். ஒன்று, மனசு. இரண்டு, காலத்துக்கு ஏற்ற புதுப் பொருளுக்கு மாறுவது. மூன்று, பணம்.

எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, எதற்கெடுத்தாலும் ஒரே பழமொழிதான் சொல்லும். "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்." பரீட்சையில் தோற்றாலும் அதுதான், கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் அதுதான். நான் தொழிலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மனசைப் பற்றி எனக்குத் தெரிந்த பாடமும் அதுதான். 2012இல் நாளுக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தோம் என்று உங்களுக்கே தெரியும். 2020 மார்ச்சில் ஷட்டரை இழுத்துப் பூட்டினோம். அப்புறம் இரும்பு விலை ஏறியது. ஒவ்வொரு தடவையும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை 7 மணிக்குப் பட்டறையைத் திறந்து, இரும்பைக் கடையும் லேத் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு வைப்பேன். ஆர்டர் இல்லாத மாதத்திலும் அந்த மெஷின் துரு ஏறாமல் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் தெம்பு வந்தது.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை குறைந்த ஊர், வேறு பிழைப்புக்கு வழி குறைவு. அவர்கள் திரும்பி வந்து ஆரம்பித்ததால்தான் அந்த ஊரின் பெயர் இந்தியா முழுக்கத் தெரிகிறது. நம் ஊர் என்ன குறைச்சல்? அம்மி நகர்ந்ததோ இல்லையோ, ஆட்டுக்கல்லை மோட்டார் வைத்துச் சுற்ற வைத்தது கோயமுத்தூர். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

ஆனால் ஒன்றை மனம் திறந்து சொல்கிறேன். இத்தனை வருடத்தில் என் கண் முன்னால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போன பட்டறைகள் பல. நம் ஊர் கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளில் அந்த இடங்களை நான் கை நீட்டிக் காட்டுவேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. வேலை தெரியாதவர்களும் இல்லை. செய்து கொடுத்த வேலைக்குப் பணம் வரவில்லை. அதில்தான் முதலில் மனசு போனது, அப்புறம் தொழில் போனது. அதனால் இரண்டாவது விஷயத்தைப் பொது மேலாளர் ஐயா திட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது சொல்வார். நான் நேராகப் பணத்துக்கு வருகிறேன்.

என் கதையைச் சொல்கிறேன்.

1993இல் பழைய ஆறடி லேத் ஒன்றை வாங்கி, கணபதியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை ஷெட்டில் தொழிலை ஆரம்பித்தேன். என் மனைவியின் செயின் அடகுக்குப் போனது. ஒரு பம்பு கம்பெனியிலிருந்து முதல் பெரிய ஜாப் ஆர்டர் வந்தது. ஷாஃப்ட் டர்னிங், அதாவது பம்பின் சுழல்தண்டை லேத்தில் கடைந்து கொடுப்பது. 2,300 ஷாஃப்ட், ஒன்றுக்கு 8 ரூபாய். நானும் இரண்டு பையன்களும் இராப்பகலாக நின்று 26 நாளில் முடித்தோம். ஒரு ஷாஃப்ட்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. 1994 ஜனவரியில் பில் கொடுத்தேன். 18,400 ரூபாய். "வர்ற 10ஆம் தேதி வாங்க" என்றார்கள்.

10ஆம் தேதி டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு போனேன். செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் சென்னை போயிருக்கிறார், அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அடுத்த 10ஆம் தேதி போனேன். ஆடிட் நடக்கிறது. அதற்கடுத்த மாதம் செக் புத்தகம் தீர்ந்துவிட்டது. அப்புறம் சரக்கோடு கொடுத்த டெலிவரி சலானைக் காணவில்லை, நகல் கொண்டு வாருங்கள். நகல் கொண்டுபோனால், நகலில் ஸ்டோர்ஸ் முத்திரை இல்லை. அமுச்சி சொன்னதை நினைத்துக்கொள்வேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அந்த அக்கவுண்ட்ஸ் அறையில் அம்மி நகரவே இல்லை.

அந்த அறை வாசலில் நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். யாரும் கழற்றச் சொன்னதில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நிற்பேன். உட்காரச் சொன்னால்கூட "பரவாயில்லைங்க" என்பேன்.

கேட்டில் ஒரு பெரியவர் வாட்ச்மேன். மாதாமாதம் என்னைப் பார்க்கிறார். ஒரு நாள் தன் தூக்குப் போசியிலிருந்து எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். அப்படிப் பழக்கம். அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. பையன்கள் இருவருக்கும் போனஸ் கொடுக்கப் பணமில்லை. பொரி கடலை வாங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு, "தை மாசத்துல சேர்த்துத் தர்றேன் கண்ணுகளா" என்றேன். "சரிங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று இராத்திரி லேத்தை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். வேலை கஷ்டமாக இருந்ததால் இல்லை. அந்தப் பையன்கள் என்னைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நவம்பர் 10ஆம் தேதி மறுபடியும் வெறுங்கையோடு வெளியே வந்தேன். பெரியவர் கூப்பிட்டார். "ஏந்தம்பி, நீங்க இங்க கடன் கேக்க வர்றீங்களா, கூலி கேக்க வர்றீங்களா?"

"கூலிதானுங்க. வேலை செஞ்சு கொடுத்ததுக்கு."

"அப்புறம் எதுக்குத் தம்பி செருப்பக் கழட்டறீங்க? அது என்ன கோயிலா?"

நான் பதில் சொல்லவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அதே வார்த்தைதான். டிசம்பர் 10, சனிக்கிழமை. பட்டறையில் கூலி நாள். காலை 10 மணிக்குப் போனேன். செருப்போடு உள்ளே நடந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "பில் கொடுத்து 11 மாதம் ஆச்சுங்க. சரக்குல குறை இருந்தா எழுதிக் கொடுங்க. இல்லைன்னா பணம் கொடுங்க. நான் உட்கார்ந்திருக்கிறேன்." சத்தம் போடவில்லை. மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. மதியம் அவர்கள் சாப்பிடப் போய்விட்டு வந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. 4.40க்குச் செக் கைக்கு வந்தது. முழுத் தொகை, 18,400.

கேட்டில் அந்தப் பெரியவரைத் தேடினேன். அன்று அவருக்கு நைட் ஷிஃப்ட். திங்கட்கிழமை இராத்திரி ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தக் கம்பெனி அப்புறம் எனக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாலு மாதம் கஷ்டப்பட்டேன். பிறகு வேறு ஆர்டர் கிடைத்தது.

இன்னொன்றையும் நான் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். சிறுதொழில்களுக்குத் தாமதமாகப் பணம் கொடுத்தால் வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 1993இலேயே சட்டம் போட்டிருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த 11 மாதமும் அந்தச் சட்டம் இருந்தது. எனக்குச் சொல்ல ஆளில்லை.

இப்போது அதைவிட வலுவான சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். வாங்குகிறவர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 18 சதவீதம் ஆகிறது. அந்த வட்டியை அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. பணம் வரவில்லை என்றால் இந்தச் சட்டப்படி மாநில அரசு அமைத்திருக்கிற வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போனால் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். முறையீட்டை ஆன்லைனில் கொடுக்க 2017இல் சமாதான் தளத்தைக் கொண்டுவந்தார்கள்.

2023 நிதிச் சட்டத்தில் இன்னொரு திருப்பம் வந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்று வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்தார்கள். 2024 ஏப்ரல் முதல் நடைமுறை. உடனே சில இடங்களில் நம்மிடம் என்ன சொன்னார்கள்? "உங்க உத்யம் பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்." குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் நாம் செய்திருக்கிற அந்தப் பதிவு இல்லாவிட்டால் இந்தக் கெடு தங்களைக் கட்டாது என்று கணக்குப் போட்டார்கள். என்னிடமே சொன்னார்கள். நான் முடியாது என்றேன். நீங்களும் முடியாது என்று சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் ஆர்டர் அடுத்த ஷெட்டுக்குப் போய்விடும். அந்தத் தெரு முழுக்கச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? தனி ஆளாய் நான் 11 மாதம் அடித்த அடி இது. சங்கமாகச் சேர்ந்து அடிமேல் அடி வைத்தால் அம்மி நகர்ந்தே தீரும்.

நம் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்க வேண்டும். பில் போட்டுவிட்டால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். வங்கித் தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். நம்மிடம் வாங்குகிறவர் மட்டும் 120 நாள், 150 நாள் என்று நிம்மதியாக இருக்கிறார். அவருடைய தொழிலுக்கு நாம் வட்டியில்லாமல் பணம் போட்டிருக்கிறோம். மண்டல மேலாளர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு கடனாளியின் கணக்கு ஏன் தட்டுகிறது என்று பார்க்கும்போது, அவருக்கு வரவேண்டிய பில்களையும் ஒரு தடவை பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டிரெட்ஸ் தளங்களில் பில்லைக் கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்கும் வழியைப் பற்றியும் நம் ஆட்களுக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டும்.

புதிதாகத் தொழில் தொடங்குகிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 1970இல் சந்திரமோகன் அவர்கள் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் சின்ன இடத்தில் குச்சி ஐஸ் போட்டுத் தள்ளுவண்டியில் விற்றார். அதுதான் அருண் ஐஸ்கிரீம் ஆனது. அவருடைய உழைப்பை எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தள்ளுவண்டிதான் கண்ணில் படுகிறது. காலையில் ஐஸ் போனால் சாயங்காலம் காசு திரும்பும். ஆரம்பத்தில் கொஞ்சமாவது அன்றாடம் காசு வருகிற மாதிரி தொழிலை அமைத்துக்கொள்ளுங்கள். மசாலாப் பொடி போடுகிற தங்கைமார்கள் கடைகளில் சரக்கை வைத்துவிட்டு, "வித்ததும் தாங்க" என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். கடனுக்கு வைப்பதைப் பாதியாகக் குறையுங்கள்.

கடைசியாக, நம் பக்கத்தையும் பேச வேண்டும். நாமும் பிளேட்டிங்காரருக்கு, ஹீட் ட்ரீட்மெண்ட்காரருக்கு, வெல்டிங் தம்பிக்குப் பாக்கி வைத்திருக்கிறோம். நான் போன மாதம் என் நோட்டைப் பார்த்தேன். மூன்று பேருக்கு 45 நாள் தாண்டியிருந்தது. அன்றே தீர்த்தேன். அவர்களில் ஒரு பையன் என் பட்டறைக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். "போட்டுட்டே வாப்பா" என்றேன்.

பொது மேலாளர் ஐயா அவர்களிடம் ஒரு மனு கொடுக்கிறோம். வசதியாக்கக் குழு விசாரணைக்குப் பட்டறைக்காரர் தனியாகப் போகாமல், சங்கத்திலிருந்து இருவர் துணைக்குப் போக ஏற்பாடு செய்து தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

பந்தல் வாசலில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். உத்யம் பதிவு இல்லாதவர்கள் ஆதார், பான் எண்களோடு முதல் மேசைக்கு வாருங்கள். பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பில் பணம் மாட்டிக்கொண்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் சிக்கல், அதனால் இன்றே செய்துவிடுங்கள். பதிவு இருக்கிறவர்கள் இரண்டாவது மேசையில் உங்கள் பில் புத்தகத்தைக் காட்டுங்கள். உத்யம் எண்ணும், 45 நாள் கெடு என்ற வரியும் வைத்து ரப்பர் ஸ்டாம்ப் செய்து தர ஆள் உட்கார்ந்திருக்கிறார். இரவு 9 மணி வரை இருப்பார். சாப்பாடு தயாராகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். வணக்கம்.