கழற்றி வைக்கிற பம்ப்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். இன்றைக்கு மதுவக் கலத்துக்குள் இருக்கிற ஒரு பம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மதுவம் என்றால் வேறொன்றுமில்லை, பாண் மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ட்தான்.

படுவான்கரையில் அப்பாவுக்கு ஒரு மிளகாய்த் தோட்டம் இருந்தது. பின்னேரம் தண்ணீர் இறைத்து முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றுவார், நட்டுகளைத் தளர்த்துவார், என்ஜினைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார். பம்பும் குழாயும் கிணற்றடியிலேயே கிடக்கும். வால்வை மூடாமல் மட்டும் ஒருநாளும் வரமாட்டார்.

மதுவக் கலத்துக்குள் பை போல இருக்கிற புன்வெற்றிடத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வில் இருக்கிற பம்பும் இப்படித்தான். வி-ஏடிபேஸ் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 15 வகை உபஅலகுகள், அதாவது புரதத் துண்டுகள், சேர்ந்து உருவானது. வெளியே நிற்கிற பகுதி வி-ஒன்று. அதுதான் என்ஜின், கலத்தின் எரிபொருளான ஏடிபியை எரிக்கிறது. மென்சவ்வுக்குள் பதிந்திருப்பது வி-ஓ. புளிப்பைத் தருகிற ஐதரசன் அயனான புரோத்தன் போகிற வழி அது. 3 ஏடிபி எரிந்தால் அச்சு ஒரு சுற்றுச் சுற்றும். மதுவத்தில் அந்த அச்சோடு சேர்ந்து சுழல்கிற வளையத்தில் 10 உபஅலகுகள். ஆகவே ஒரு சுற்றுக்கு 10 புரோத்தன் வரை உள்ளே போகலாம். புன்வெற்றிடம் புளிப்பாக இருப்பது இதனால்தான்.

சரி, குளுக்கோசு தீர்ந்துபோனால்? 1995இல் அமெரிக்காவில் பற்றீசியா கேன் இதைக் காட்டினார். சில நிமிடங்களுக்குள் வி-ஒன்று கழன்று கலச்சாற்றுக்குள் போய்விடுகிறது. அதே ஆண்டில், தோலுரிக்கிற காலத்துப் புகையிலைப் புழுவின் குடலிலும் இதே சங்கதி வெளிவந்தது. என்னை இன்றைக்கும் வியக்க வைப்பது அடுத்த விஷயம். கழன்ற வி-ஒன்று சும்மா சுற்றி ஏடிபியை வீணாக்குவதில்லை. தனித்து நிற்கிற வி-ஓ வழியாகப் புரோத்தன் திரும்பிக் கசிவதுமில்லை. பட்டினி கிடக்கிற கலத்துக்கு இந்த இரண்டில் ஒன்று பிழையாகிப் போனாலும் பெரிய நட்டம்.

உபஅலகுகளில் ஏதாவது ஒன்று இல்லாமலே போனால் பெரும்பாலும் பம்பே உருவாகாது. அப்படிப்பட்ட மதுவம் pH 5.5 உள்ள, அதாவது சற்றுப் புளிப்பான வளர்ப்பு ஊடகத்தில் வளரும், புளிப்பில்லாத 7.5இல் வளராது. மனிதரிலும் இதே குடும்பத்துப் பம்ப் உண்டு. எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்கிற கலங்களில் அதன் ஒரு உபஅலகு பழுதானால், பிள்ளைக்குப் பிறப்பிலேயே எலும்பு அளவுக்கு மிஞ்சி இறுகிப்போகிற நோய் வரும். மதுவத்தில்தானே, நமக்கென்ன என்று இதைத் தள்ளிவிட முடியாது.

குளுக்கோசு திரும்பக் கிடைத்ததும் ரேவ் என்கிற ஒரு புரதக் கூட்டு வி-ஒன்றைக் கொண்டுவந்து வி-ஓவோடு பொருத்துகிறது. அதற்கும் சில நிமிடங்கள்தான். புதிதாகப் புரதம் எதுவும் தயாரிக்கத் தேவையில்லை, கழன்ற பழைய துண்டுகளே போதும். அப்பாவும் விடிந்ததும் அதே என்ஜினைத்தான் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவார்.