மன்னிப்பு கிடைத்த பிறகும் மனம் ஏன் குத்துகிறது?

[திரையில்: வெறும் கறுப்புப் பின்னணி. கேள்வி மட்டும் எழுத்தாக வருகிறது.]

"பாவத்தை அறிக்கையிட்டுவிட்டேன். இயேசுவை ஏற்றுக்கொண்டேன். ஞானஸ்நானமும் எடுத்தாயிற்று. ஆனாலும் பழைய பாவம் நினைவுக்கு வரும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கிறது. அப்படியானால் எனக்கு இரட்சிப்பு கிடைக்கவில்லையா?"

சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இதற்குள் மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: தேவனுடைய நியாயத்தீர்ப்பு, பாவத்தின் பிடி, மனதில் எழும் குற்றவுணர்வு. மூன்றிலிருந்தும் விடுதலை உண்டு என்று வேதம் சொல்கிறது. ஆனால் மூன்றும் ஒரே நாளில் நடந்து முடிவதில்லை. தீர்ப்பு ஒரே தடவையில் நீங்குகிறது. பாவத்தின் பிடி தளர வருஷங்கள் ஆகும். குற்றவுணர்வோ தனி ரகம்: சில நேரம் அது உண்மை பேசும், சில நேரம் பொய் பேசும். எது எந்த நேரத்தில் பேசுகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலர் வருஷக்கணக்கில் வேதனைப்படுகிறார்கள்.

[திரையில்: இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள், கூடாரத்தின் வாசல்]

முதலில் தீர்ப்பு. இதற்கு லேவியராகமம் 16ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள், ஏழாம் மாதம் பத்தாம் தேதி, இஸ்ரவேல் ஜனங்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். ஒன்று பலியாகும், அதன் இரத்தம் திரைக்கு உட்புறம், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் தெளிக்கப்படும். மற்றதன் தலையில் பிரதான ஆசாரியனான ஆரோன் தன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிடுவான். பிறகு அதை வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவார்கள். பாவத்துக்கான தண்டனை ஒரு கடாவின்மேல் விழுந்தது. பாவமோ மற்றக் கடாவோடு கண் காணாத இடத்துக்குப் போனது. ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்களை ஜனங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

ஆனால் அடுத்த வருஷமும் அதே தேதியில் அதே சடங்கு. எபிரெயர் 10ஆம் அதிகாரம் இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பலிகள் மனச்சாட்சியை உண்மையிலேயே சுத்தமாக்கியிருந்தால் அவை நின்று போயிருக்குமே என்று கேட்கிறது. இஸ்ரவேலர் பலி செலுத்தி வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் சாமான்களை எண்ணிப் பாருங்கள்: பலிபீடம், தண்ணீர்த் தொட்டி, அப்பம் வைக்கும் மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், உடன்படிக்கைப் பெட்டி. ஆசாரியன் உட்கார ஓர் ஆசனம்கூட அந்தப் பட்டியலில் கிடையாது. வேலை முடிந்தால்தானே உட்கார! அதே அதிகாரத்தின் 12ஆம் வசனமோ, கிறிஸ்து ஒரே பலியைச் செலுத்திவிட்டுத் தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார் என்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்துவிடலாம். மன்னிப்பு என்றால் தேவன் மனம் இளகி, "சரி, போகட்டும்" என்று விட்டுவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியிருந்தால் பயப்பட நியாயம் உண்டு. இன்று இளகிய மனம் நாளைக்கு இறுகலாம். ஆனால் 1 யோவான் 1:9 என்ன சொல்கிறது? அறிக்கையிடும் பாவத்தை மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்." இரக்கம் உள்ளவர் என்று எழுதியிருந்தால் எல்லாரும் எதிர்பார்த்தபடி இருந்திருக்கும். யோவான் நீதியைக் கொண்டுவருகிறார். தண்டனை ஏற்கெனவே கிறிஸ்துவின்மேல் விழுந்துவிட்டது. அதே குற்றத்துக்கு இன்னொரு முறை தண்டித்தால்தான் அநீதி. விசுவாசிக்குக் கிடைக்கும் விடுதலை தேவனுடைய நீதியின்மேல் நிற்கிறது. அதனால்தான் அது அசையாது.

[திரையில்: ரோமர் 8:1, இரண்டு மொழிபெயர்ப்புகள் பக்கத்தில் பக்கத்தில்]

கி.பி. 57 வாக்கில் கொரிந்துவிலிருந்து ரோமாபுரிச் சபைக்கு எழுதும்போது பவுல் இதைத் தீர்ப்பாகவே அறிவிக்கிறார்: கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை, அதாவது தண்டனைத் தீர்ப்பில்லை. தமிழில் வேதம் வாசிப்பவர்களுக்கு இங்கே ஒரு தடங்கல் உண்டு. நம்மில் பலர் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பில், "மாம்சத்தின்படி நடவாமல் ஆவியின்படியே நடக்கிறவர்களுக்கு" என்ற பகுதியும் முதல் வசனத்திலேயே வருகிறது. வாசிப்பவர் உடனே, "இந்த வாரம் நான் ஆவியின்படி நடந்தேனா?" என்று கணக்குப் போட ஆரம்பிக்கிறார். கணக்கு உதைத்தால் ஆக்கினை திரும்பி வந்துவிட்டதாகப் பயம். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் முதல் வசனத்தில் அந்தப் பகுதி இல்லை; புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் அதை விட்டுவிடுகின்றன. நான்காம் வசனத்தில் அது இருக்கிறது, அங்கே இருப்பதுதான் பொருத்தமும்கூட. முதலில் தீர்ப்பு நீங்குகிறது, பிறகு நடை மாறுகிறது. வரிசையைத் திருப்பிப் போட்டால் சுவிசேஷமே தலைகீழாகிவிடும்.

இனி பாவத்தின் பிடி. இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரோமர் 6:14, பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது என்கிறது. ரோமர் 7ஆம் அதிகாரமோ, விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று புலம்புகிறது. அந்தப் புலம்பல் விசுவாசியின் நிலையா, இரட்சிக்கப்படுமுன் இருந்த நிலையா என்று வேத அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எப்படி வாசித்தாலும் அந்தப் புலம்பலை ஒட்டித்தான் ஆக்கினைத்தீர்ப்பில்லை என்ற அறிவிப்பு வருகிறது. வேதத்தில் அதிகார எண்கள் வந்தது 13ஆம் நூற்றாண்டில்தான். 7ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள்.

நடைமுறையில் பிடி எப்படித் தளர்கிறது? பாவத்துக்கு முந்தின ஒரு மணி நேரத்தைக் கவனியுங்கள்: எந்த இடம், எந்த நேரம், கையில் என்ன, மனதில் என்ன. யாக்கோபு 1:14, 15 சொல்லும் வரிசை இச்சை, பாவம், மரணம். இச்சை கர்ப்பந்தரிக்கும் இடத்திலேயே வழியை அடைப்பது சுலபம். கடைசிப் படியில் நின்றுகொண்டு ஜெபிப்பது கஷ்டம். நம்பகமான ஒருவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். யாக்கோபு 5:16 அதைத்தான் சொல்கிறது. தனியாக மறைத்துப் போராடுபவர்கள் அடிக்கடி தோற்பதற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்பதைவிட, மறைவே பாவத்துக்கு வசதியாக இருக்கிறது என்பதுதான்.

[திரையில்: முப்பது வெள்ளிக்காசுகள், மறுபக்கம், கரையில் எரியும் கரிநெருப்பு]

இப்போது குற்றவுணர்வு. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யூதாஸ் மனம் வருந்தவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மத்தேயு 27ஐ வாசித்தால், அவன் பாவத்தைத் துல்லியமாகப் பெயர் சொல்லி ஒப்புக்கொண்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவந்தான். ஆனால் அதையெல்லாம் யாரிடம் கொண்டுபோனான்? மன்னிக்க அதிகாரமும் மனமும் இல்லாத பிரதான ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். அதன் பிறகு அவன் போன வழி மரணம். பேதுருவும் மனங்கசந்து அழுதான். ஆனால் யோவான் 21இல், கரையில் இயேசு நிற்கிறார் என்று கேட்டவுடன் படகு கரைசேரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்து அவரிடம் போனான். மூன்று முறை மறுதலித்தவனிடம், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேள்வி. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பொறுப்பு கொடுக்கப்பட்டது. 2 கொரிந்தியர் 7:10 பிரித்துக் காட்டும் தேவனுக்கேற்ற துக்கமும் லௌகிக துக்கமும் இவைதான். அழுகையின் அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். அது ஆளை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள்.

ஆவியானவர் உணர்த்தும்போது குறிப்பாக உணர்த்துவார்: "நேற்று அவரிடம் சொன்னது பொய்." அறிக்கையிட்டுச் சரிசெய்தால் அந்தக் குரல் அடங்கிவிடும். குற்றப்படுத்தும் குரல் பொதுவாகப் பேசும்: "நீ ஒன்றுக்கும் உதவாதவன், உன்னை யார் மன்னிப்பார்?" இதில் அறிக்கையிட ஒன்றுமே இருக்காது. இந்தக் குரலுக்குப் பதிலாக மறுபடி மறுபடி மன்னிப்புக் கேட்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அறிக்கையிட்ட பாவத்தையே நூறு தடவை அறிக்கையிட்டால் சமாதானம் வராது. சந்தேகத்துக்குத்தான் தீனி கிடைக்கும். அங்கே செய்ய வேண்டியது நன்றி சொல்வது.

இன்னொரு வகையும் உண்டு: பாவமே இல்லாத ஒன்றுக்காக வரும் குற்றவுணர்வு. மற்றவர் தன்மேல் நடத்திய வன்முறைக்குத் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்பவர்கள், நோயைத் தண்டனை என்று நினைப்பவர்கள், மனதில் ஒரு கெட்ட எண்ணம் வந்துபோனதையே பாவமாக எண்ணுபவர்கள். யோவான் 9:3இல், குருடனாய்ப் பிறந்தவன் விஷயத்தில் இவன் பாவமும் இல்லை, இவனைப் பெற்றவர்கள் பாவமும் இல்லை என்று இயேசுவே சொல்லிவிட்டார். சோதனைக்குள்ளாவதும் பாவம் அல்ல. அவரே சோதிக்கப்பட்டார் என்கிறது எபிரெயர் 4:15. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பைத் தேடினால் அது கிடைக்கவே கிடைக்காது.

மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்ற பயமும் பலருக்கு. மத்தேயு 12இல் அந்த எச்சரிக்கையைக் கேட்டவர்கள், கண்ணெதிரே ஆவியானவர் செய்த கிரியையைப் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று சொன்ன பரிசேயர்கள். அவர்களுக்கு அதைப் பற்றிய கவலையே இல்லை. செய்துவிட்டோமோ என்று நடுங்குபவருடைய மனம் அந்தப் பரிசேயருடைய மனத்துக்கு நேர் எதிரானது. இதே பயம் நாள் முழுக்க விடாமல் சுழன்று, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், அது ஓசிடி என்ற மனநலக் கோளாறாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். விசுவாசத்தைக் கூட்டச் சொல்லி அறிவுரை கொடுப்பது அந்த இடத்தில் பெரும் கெடுதல்.

[திரையில்: லேவியராகமம் 6:5]

உண்மையான குற்றம் என்றால், அறிக்கை எப்படி இருக்க வேண்டும்? பெயர் சொல்லி இருக்க வேண்டும். "தெரிந்தோ தெரியாமலோ செய்த பாவங்கள்" என்று மொத்தமாகக் கட்டிவைத்தால், தெரிந்து செய்தது அதற்குள் ஒளிந்துகொள்ளும். "அவர் அப்படிப் பேசியதால்தான்" என்ற வால் கூடாது. பாவம் யாரைத் தொட்டதோ அவர்கள் வரைக்கும் அறிக்கை போக வேண்டும்: தேவனுக்கு மட்டும் தெரிந்தது தேவனிடம்; ஒருவரைக் காயப்படுத்தியது அவரிடமும்; சபையறியச் செய்தது சபையிலும். மனதுக்குள் ஒருவரைப் பொறாமையோடு பார்த்ததை அவரிடமே போய்ச் சொல்வது உங்கள் பாரத்தைக் குறைத்து அவர் தலையில் ஏற்றுவதாகிவிடும்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லேவியராகமத்தின் கணக்கு முதலும் ஐந்தில் ஒரு பங்கும்: நூறு என்றால் நூற்றிருபது. வரி வசூலிப்பவனான சகேயு நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொன்னது முதலில், பணம் வெளியே வந்தது அதற்குப் பிறகு. திருப்பிக் கொடுப்பது மன்னிப்பின் விலை அல்ல, அதன் விளைவு.

விளைவுகள் எல்லாம் மறைந்துவிடும் என்றும் யாரும் எதிர்பார்க்கக் கூடாது. "நீர் சாவதில்லை" என்று, பாவத்தை ஒப்புக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன அதே நேரத்தில் பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொன்னான். மன்னிக்கப்பட்ட கொள்ளைக்காரன் சட்டத்தின் தண்டனையை அனுபவிக்கத்தான் வேண்டும்; இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு மன்னிப்புப் பெற்ற கள்ளனும் சிலுவையைவிட்டு இறங்கி வரவில்லை. "தேவன் மன்னித்துவிட்டார், இனி நீயும் பேசக் கூடாது" என்று பாதிக்கப்பட்டவர் வாயை அடைப்பது, விடுதலைச் செய்தியை ஆயுதமாக்குவது. சபைகளில் இது நடக்கிறது, நடக்கக் கூடாது.

எல்லாச் சபைகளும் இதை ஒரே விதமாகச் சொல்வதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்குப் பிறகு செய்யும் கனமான பாவங்களைக் குருவானவரிடம் ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிட வேண்டும். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் மூன்றும் அதில் சேரும். சீர்திருத்தச் சபைகள் நேரடியாகத் தேவனிடம் என்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் இரண்டு தரப்பும் ஒன்றையொன்று கண்டித்த விஷயம் இது. ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதன் நீதிமானாக்கப்படுவது கிருபையினாலேயே என்று ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. இரட்சிப்பை இழக்க முடியுமா என்பதில் இன்றும் சபைக்குச் சபை பதில் வேறு.

[திரையில்: 1 கொரிந்தியர் 3:12. பொன், வெள்ளி, மரம், புல், வைக்கோல்]

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஆக்கினைத்தீர்ப்பு இல்லையென்றால், நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக வெளிப்படவேண்டும் என்று 2 கொரிந்தியர் 5:10 ஏன் சொல்கிறது? அங்கே பரீட்சை நடப்பது வேலைக்கு. 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரம் சொல்வதுபோல் அஸ்திபாரம் கிறிஸ்து, அது கேள்விக்கே வருவதில்லை. அதன்மேல் எதைக் கட்டினோம் என்பதை அக்கினி சோதிக்கும். நின்றதற்குப் பலன் உண்டு. வெந்துபோனால் நஷ்டம் உண்டு. "அவனோ இரட்சிக்கப்படுவான்" என்று அந்த அதிகாரத்தின் 15ஆம் வசனம் உடனே சேர்த்துச் சொல்கிறது.