உள்சுவரைப் பூசிக்கொண்டே இருப்பவர்கள்

அனைவருக்கும் வணக்கம். ஒரு நிமிடம் நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். ஈரமாக, வழவழவென்று இருக்கிறதே, அதுதான் சளிச்சவ்வு. நமக்கும் வெளியுலகுக்கும் நடுவே உள்ள சுவர் அது. கன்னத்தில் அதற்குப் பல அடுக்குகள் உண்டு. குடலிலோ ஒரே ஒரு செல்லின் தடிமன்தான். அந்தப் பக்கம் லட்சம் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள், இந்தப் பக்கம் நம் ரத்தம். போதாததற்கு, அந்தச் சுவர் 3 முதல் 5 நாட்களுக்குள் உதிர்ந்து புதிதாக முளைக்கிறது!

நோய் எதிர்ப்பு சக்தி என்றதும் நாம் படை, எதிரி, போர் என்றே பேசிப் பழகிவிட்டோம். கிருமியைக் கொன்றால் போதுமா? இடிந்த சுவரை யார் பூசுவது?

அதைச் செய்பவர்களில் ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். உள்ளார்ந்த நிணநீர்ச் செல்கள் என்று பெயர். பார்வைக்கு, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல் போலவே இருக்கும். ஆனால் இன்ன கிருமி என்று அடையாளம் காணும் ஏற்பி இவற்றுக்கு இல்லை. பக்கத்துச் செல் அடிபட்டால் அது எழுப்பும் அபயக்குரல்தான் இவற்றுக்குக் கேட்கும். டி செல்கள் புதுக் கிருமிக்குத் தயாராகப் பல நாட்கள் ஆகும். இவை சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். 2010-ல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகக் குழு, எலியின் குடலைத் தாங்கும் கொழுப்புத் திசுவில் இவற்றில் ஒரு வகையைக் கண்டது. 2013-ல் மொத்தக் கூட்டத்தையும் மூன்று குழுக்களாகப் பிரித்துப் பெயரிட்டார்கள்.

2011-ல் வந்த ஒரு ஆய்வை என்னால் மறக்கவே முடியாது. ஃப்ளூ கிருமி தொற்றிய எலிகளின் நுரையீரலிலிருந்து இந்தச் செல்களை நீக்கினார்கள். மூச்சுக்குழாயின் உள்பூச்சு சரியாக ஆறவில்லை, மூச்சும் தளர்ந்தது. அப்புறம், இந்தச் செல்கள் சுரக்கும் ஆம்ஃபிரெகுலின் என்ற புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். புண் ஆறத் தொடங்கியது. நமக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் உள்ளே வேலை ஓயாமல் நடக்கிறது என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

குடலில் மூன்றாம் குழுவின் ஆட்சி. இவை சுரக்கும் இன்டர்லூக்கின் 22 என்ற சமிக்ஞைப் புரதம், சுவருக்கு அடியில் இருந்து புதுச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச்செல்களைத் தட்டி எழுப்பிப் பெருகச் செய்கிறது. கிருமிகளைத் தடுக்கும் புரதங்களையும் சுரக்க வைக்கிறது. குடற்புழு வந்தால் இரண்டாம் குழு முன்வரும். சளியைப் பெருக்கிப் புழுவை வழுக்கி வெளியே தள்ள உதவும்.

சரி, இவை எப்போதும் நன்மைதான் செய்யுமா? இல்லை. அதே இரண்டாம் குழு அளவு மீறினால் மூச்சுக்குழாயில் சளி கட்டும், ஆஸ்துமா முற்றும். இவற்றைத் தூண்டும் ஒரு சமிக்ஞையைத் தடுக்கும் டெசெபெலுமாப் என்ற மருந்துக்கு 2021-ல் அமெரிக்கா அனுமதி தந்தது.

எனக்குப் பெரிய நம்பிக்கை தருவது வேறு இடம். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு, கொடையாளியின் டி செல்கள் சில நோயாளிகளின் குடலையே தாக்கிவிடும். வயிற்றுப்போக்கு நிற்காது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. குடலைக் காக்கும் மூன்றாம் குழுச் செல்களும் அந்தத் தாக்குதலில் அழிவதை எலிகளில் கண்டார்கள். அவை சுரக்க வேண்டிய இன்டர்லூக்கின் 22-ஐ வெளியிலிருந்து மருந்தாகக் கொடுக்கும் சோதனை மனிதர்களிடமே நடந்திருக்கிறது.